பூஜ்ஜியத்தில் ஒரு குழிவு

எஸ்.டி.எம். (வருடு டன்னலிங் நுண்ணோக்கி) ஆய்வகங்களில் முனைவர் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் யாரோ ஒருவர் இந்த வாரம் ஒரு குழிவைப் பார்க்கப் போகிறீர்கள். தங்கத்தின் மேலோ செம்பின் மேலோ ஒற்றைக் கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கும். முனையை அதன் தலைக்கு நேரே நிறுத்தி, ஃபீட்பேக்கை அணைத்துவிட்டு, மின்னழுத்தத்தை மைனஸிலிருந்து பிளஸுக்கு மெல்ல நகர்த்துவீர்கள். பூஜ்ஜியத்தை நெருங்கும்போது லாக்-இன் கருவி தரும் கடத்துதிறன் வளைவு சரியும். பிறகு ஒரு பக்கம் சற்றே தூக்கலாக மறுபடி ஏறும். அதிர்வு வரக்கூடாதென்று பம்புகளையெல்லாம் நிறுத்தி வைத்திருக்கும் அறையில், விடியற்காலை மூன்று மணிக்கு, உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்கே கேட்கும். படத்தைக் கைடுக்கு அனுப்புவீர்கள். காலையில் ஒரே சொல்லில் பதில் வந்திருக்கும்: கோண்டோ.

அந்தச் சொல்லை ஆய்வேட்டில் எழுதுவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். நான் அவசரப்பட்டு எழுதியவன்.

பல வருடங்களுக்கு முன்பு, உங்கள் வயதில், பதினொரு கோபால்ட் அணுக்களின் மேல் அளந்தேன். பதினொன்றிலும் குழிவு இருந்தது. ஃபானோ சூத்திரத்தைப் பொருத்தினேன், அழகாகப் பொருந்தியது. கிடைத்த அகலத்தைக் கெல்வினாக மாற்றி, ‘கோண்டோ வெப்பநிலை’ என்று பெயரிட்டு, பிளஸ் மைனஸ் போட்டு அச்சிட்டேன். அளந்ததெல்லாம் ஒரே வெப்பநிலையில், திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில். எங்கள் கருவியில் காந்தப்புலம் கிடையாது. கைடு கேட்கவில்லை, ரெஃபரிகள் கேட்கவில்லை, வைவாவில் உட்கார்ந்திருந்த பெரியவர்களும் கேட்கவில்லை, இது கோண்டோதான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று.

கேட்டவள் எனக்குப் பின்னால் அந்த மேசைக்கு வந்த மாணவி. என் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்துக்கொண்டு போனவள், பதினோராவது அணுவுக்குப் பிறகு, அதே முனையால் வெறும் பரப்பின் மேல் எடுத்த ஒரு வளைவைக் கண்டுபிடித்தாள். அதிலும் பூஜ்ஜியத்தில் குழிவு இருந்தது. சிறியதுதான், ஆனால் இருந்தது. எங்கேயோ நடுவில் முனை ஒரு கோபால்ட்டைத் தன் நுனியில் ஒட்டவைத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் எந்த அணுவிலிருந்து என் வளைவு பரப்பினுடையது, எதிலிருந்து முனையினுடையது? சொல்ல வழியில்லை. அந்தக் கோப்பின் பெயரை அவள் எனக்கு எழுதி அனுப்பினாள். நானே வைத்த பெயர்: ‘வேண்டாம்’.

அந்த நாளிலிருந்து மனசில் இருப்பதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என்னைக் கடிந்துகொள்வதற்காக எழுதவில்லை. அன்று என் மேசையில் நடந்தது இன்று பல மேசைகளில் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் குழிவு என்ன சொல்வதாக நாம் நம்புகிறோம் என்பதை முதலில் நேருக்கு நேர் பார்த்துவிடுவோம். கோபால்ட் போன்ற காந்த மாசு என்றால் சும்மா ஒரு தூசி இல்லை. உலோகத்தின் எலக்ட்ரான் கடலுக்குள் அது தன் ஸ்பின்னோடு நிற்கிறது. கடந்துபோகும் ஒவ்வொரு எலக்ட்ரானும் அதில் மோதும்போது இரண்டின் ஸ்பின்னும் கவிழலாம். அடுத்த மோதல் முந்தைய மோதலை நினைவில் வைத்திருக்கும்படி ஆகிவிடுகிறது. அதனால்தான் கணக்கு சாதாரணமாக முடிவதில்லை. குளிரக் குளிர இந்தக் கவிழ்ப்பு வலுத்து, கடைசியில் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் மாசின் ஸ்பின்னை முழுக்க மூடிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் காந்தமே அங்கே இல்லாததுபோல் இருக்கும். அந்த மூடல் எந்த வெப்பநிலையில் தொடங்குகிறதோ அதுதான் கோண்டோ வெப்பநிலை. ஃபெர்மி மட்டத்தில் ஒடுக்கமான ஓர் ஒத்ததிர்வு எழும். முனையிலிருந்து டன்னலிங்கில் வரும் எலக்ட்ரானுக்கு அப்போது இரண்டு வழிகள்: அந்த ஒத்ததிர்வின் ஊடாகப் போகலாம், அல்லது அதைத் தொடாமல் நேரே பரப்புக்குள் போகலாம். இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று குறுக்கிடும்போது கூட்டல் சில மின்னழுத்தத்தில் கழித்தலாகிறது. குழிவும் அதன் ஒருபக்கத் தூக்கலும் அந்தக் குறுக்கீட்டிலிருந்துதான் வருகின்றன; ஃபானோ சூத்திரம் விவரிப்பது அந்த வடிவத்தைத்தான்.

ஆக, குழிவுக்குக் கீழே ‘கோண்டோ’ என்று எழுதும்போது நீங்கள் ஒரு கனமான கூற்றைச் சொல்கிறீர்கள். இந்த அணுவின் காந்தம் மூடப்பட்டுவிட்டது என்கிறீர்கள். அகலத்தை அளந்ததாக மட்டும் அதற்குப் பொருளில்லை.

1998-இல் இந்தக் குழிவைத் தங்கத்தின் மேல் கோபால்ட்டில் முதலில் காட்டியவர்களின் கட்டுரையைத் திறந்து பாருங்கள். முதல் ஆசிரியர் வித்யா மாதவன். சென்னை ஐ.ஐ.டி.யில் உலோகவியல் படித்துவிட்டுப் போய், அப்போது பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் க்ரோமியிடம் முனைவர் பட்ட மாணவியாக இருந்தார். உங்களைப் போல ஒரு மாணவிதான் என்பதற்காகவும் சொல்கிறேன். அந்தக் கட்டுரையில் குழிவு மட்டும் இல்லை. அணுவை விட்டுப் பக்கவாட்டில் நகர நகர, ஏறத்தாழ பத்து ஆங்ஸ்ட்ராமுக்குள் குழிவு எப்படி மறைகிறது என்பதும் இருக்கிறது. அடுத்த வருடம் அதே குழு இரண்டு கோபால்ட் அணுக்களை முனையால் தள்ளிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது குழிவு காணாமல் போனதைக் காட்டியது. பிறகு டைட்டேனியம் முதல் நிக்கல் வரை வரிசையாக ஏழு தனிமங்களைத் தங்கத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். வரிசையின் இரு ஓரங்களில் இருந்த டைட்டேனியம், கோபால்ட், நிக்கல் ஆகியவற்றில் அடையாளம் தெரிந்தது. நடுவில் இருந்த வனேடியம், குரோமியம், மாங்கனீஸ், இரும்பில் தெரியவில்லை. தெரியாததையும் அச்சிட்டார்கள். என்னுடைய ‘வேண்டாம்’ கோப்பு போன்றவற்றை அவர்கள் கட்டுரைக்குள் கொண்டுவந்தார்கள்.

அதே 1998-இல் லொசானில் வெள்ளியின் மேல் சீரியத்திலும் இதுபோன்ற அடையாளம் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, ஐ.பி.எம். அல்மடனில் மனோகரன், லூட்ஸ், ஐக்ளர் மூவரும் செம்பின் மேல் கோபால்ட் அணுக்களாலேயே நீள்வட்ட வேலி கட்டி, ஒரு குவியத்தில் கோபால்ட்டை வைத்தபோது, எதுவுமில்லாத மற்றக் குவியத்தில் அதன் நிழல் குழிவாக விழுந்தது. அந்தப் படம் எத்தனை சுவரொட்டிகளில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நானும் அறையில் மாட்டியிருந்தேன்.

அதன் பிறகுதான் நம் வழக்கம் கெட்டது என்று நினைக்கிறேன். முன்னோடிகள் பல சோதனைகளுக்குப் பிறகு சொன்ன பெயரை, நாம் சோதனைக்குப் பதிலாகவே வைத்துக்கொண்டோம். கோபால்ட்டா, செம்பா, பூஜ்ஜியத்தில் குழிவா, அப்படியானால் கோண்டோ. அகலத்திலிருந்து வெப்பநிலை. செம்பின் (111) முகத்தில் 54 கெல்வின், (100) முகத்தில் 88, தங்கத்தில் 75 என்று அட்டவணைகள் வந்தன. அந்த எண்களை விளக்கக் கோட்பாடுகள் வந்தன. குழிவுக்கு வேறு காரணம் இருக்கலாமே என்ற கேள்வி இருபது வருடம் பெரிதாக எழவேயில்லை.

2020-இல் ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்திலிருந்து பௌவாசிஸ், கிமரேஸ், லூனிஸ் மூவரும் ஒரு கணக்கைப் போட்டு வைத்தார்கள். கோபால்ட்டின் ஸ்பின் ஒரு திசையை விரும்புகிறது. அதைச் சாய்க்க ஒரு சிறு ஆற்றல் வேண்டும். டன்னலிங் எலக்ட்ரான் அந்த ஆற்றலைக் கொடுத்துச் சாய்க்கும்போது, சாய்வும் எலக்ட்ரானும் சேர்ந்து கட்டுண்ட ஒரு நிலை உருவாகலாம். அதன் பெயர் ஸ்பினரான். அதையும் டன்னலிங்கில் பார்த்தால் பூஜ்ஜியத்தருகே கிட்டத்தட்ட அதே குழிவு வரும் என்றார்கள். 2023-இல் வூர்ட்ஸ்பர்க்கில் மத்தியாஸ் போடேயின் குழு செம்பின் மேல் கோபால்ட்டை 1.4 கெல்வினுக்குக் குளிர்வித்து, 12 டெஸ்லா வரை புலத்தை ஏற்றி, ஸ்பின்னைப் பிரித்தறியும் காந்த முனையால் பார்த்தது. கிடைத்தவை கோண்டோவோடு ஒத்துப்போகவில்லை, ஸ்பினரானோடு ஒத்துப்போகின்றன என்று எழுதினார்கள்.

இதன் கனத்தை உணர்கிறீர்களா? கோண்டோ என்றால் காந்தம் மூடப்பட்டுவிட்டது. ஸ்பினரான் என்றால் காந்தம் உயிரோடு இருக்கிறது, அதன் அசைவைத்தான் பார்க்கிறோம். ஒரே குழிவு, அதை வைத்து ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வாக்கியங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. அந்த விவாதம் நடக்கட்டும், அதில் நீங்களும் இறங்குங்கள். ஆனால் வளைவின் வடிவம் மட்டும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வடிவத்தை மட்டும் பார்த்துப் பெயர் எழுதுவதுதான் எனக்கு வலிக்கிறது.

இது புதிய பிழையும் இல்லை. எஸ்.டி.எம். பிறப்பதற்கு முன்பே, 1964-இல் வயட் உலோகப் படலங்களுக்கு இடையிலான டன்னல் சந்திகளில் பூஜ்ஜிய மின்னழுத்தப் பிறழ்வைப் பார்த்தார். 1966-இல் ஆப்பெல்பாமும் ஆண்டர்சனும் அது தடுப்புக்குள் இருக்கும் காந்த மாசுகளின் வேலை என்று காட்டினார்கள். உடனே பூஜ்ஜியத்தில் தெரிந்ததெல்லாம் காந்த மாசு ஆகிவிடும் போலிருந்தது. ஆனால் இரண்டே வருடத்தில் கியேவரும் செல்லரும் தடுப்புக்குள் நுண்ணிய உலோகத் துகள்களை வைத்து, காந்தமே இல்லாமல் பூஜ்ஜியத்தில் பிறழ்வை வரவழைத்தார்கள். துகளின் மேல் ஓர் எலக்ட்ரானை ஏற்றவே ஆற்றல் தேவைப்படுகிறது, அதுதான் காரணம். பூஜ்ஜியம் என்பது பல கதைகள் வந்து சேரும் சந்தி.

சோதிப்பது எளிதா என்று கேட்பீர்கள். எளிதில்லை, அதை மறைக்க மாட்டேன். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 54 கெல்வின் என்றால் ஆற்றலில் ஏறத்தாழ 4.7 மில்லி எலக்ட்ரான்வோல்ட். 12 டெஸ்லா புலம், எலக்ட்ரானின் ஸ்பின்னை இரண்டாகப் பிரிப்பது 1.4 மில்லி எலக்ட்ரான்வோல்ட்தான். அதனால் அந்தக் குழிவு புலத்தில் இரண்டாகப் பிரியவில்லை என்பதைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. பிரியும் அளவுக்கு நீங்கள் இழுக்கவேயில்லை. வெப்பநிலையை ஏற்றிப் பார்க்கலாம் என்றால், முனையில் இருக்கும் எலக்ட்ரான்களும் சூடாகி எந்த அடையாளத்தையும் பரப்பிவிடும். 4.2 கெல்வினில் அந்தப் பரவல் 1.3 மில்லிவோல்ட்டுக்குக் கீழே. 40 கெல்வினில் 12 மில்லிவோல்ட். அதைக் கழித்து எடுத்த பிறகு மிச்சமிருக்கும் அகலம்தான் பேச வேண்டும். 2002-இல் வெள்ளியின் மேல் டைட்டேனியத்தில் நாகோகாவும் க்ரோமியின் குழுவும் அந்தக் கடினமான வழியில்தான் போனார்கள். வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போய், அகலம் எப்படி வளர்கிறது என்பதை முழு வளைகோடாகக் காட்டினார்கள்.

கோபால்ட்டிலேயே நம்பிக்கை தரும் உதாரணம் ஒன்றும் இருக்கிறது. செம்பின் மேல் ஒரே ஓர் அடுக்கு செம்பு நைட்ரைடை வைத்து, அதன் மேல் கோபால்ட்டை உட்கார வைத்தால், எலக்ட்ரான் கடலோடு அதன் தொடர்பு இளைத்துவிடுகிறது. 2008-இல் ஓட்டே, ஹைன்ரிக் முதலியோர் அங்கே அளந்த கோண்டோ வெப்பநிலை 2.6 கெல்வின், ஆற்றலில் 0.22 மில்லி எலக்ட்ரான்வோல்ட். இப்போது 7 டெஸ்லா போதும், அதுவே ஸ்பின்னை 0.8 மில்லி எலக்ட்ரான்வோல்ட் பிரிக்கும். அங்கே குழிவாக அல்லாமல் சிகரமாகத் தெரிந்த ஒத்ததிர்வு புலத்தில் கண்முன்னே இரண்டாகப் பிரிந்தது. சோதனை முடியும் இடத்தைத் தேடிப் போனார்கள், முடிந்தது. முடியாத இடத்தில் முடிந்ததுபோல் எழுதவில்லை.

உங்களில் சிலர் மனசுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது: மூன்று வருட உதவித்தொகை, காந்தம் இல்லாத கருவி, கைடுக்கு இந்த வருடமே கட்டுரை வேண்டும், ‘பூஜ்ஜிய மின்னழுத்தப் பிறழ்வு’ என்று தலைப்பு வைத்தால் எந்த இதழ் எடுத்துக்கொள்ளும்? இந்த நெருக்கடி உண்மையானது. அதை உங்கள் தலையில் கட்டியவர்கள் நாங்கள், மூத்தவர்கள். பெயர் இல்லாத வளைவை ரெஃபரிகளாக உட்கார்ந்து திருப்பி அனுப்பியவர்களும் நாங்கள்தான். அதனால் உங்களிடம் வீரத்தைக் கேட்கவில்லை. உங்கள் கையில் இருக்கிற, காசு செலவில்லாத சில காரியங்களைத்தான் கேட்கிறேன்.

அதற்கு முன் லைடன் ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். 1934-இல் டே ஹாஸ், டே புர், வான் டென் பெர்க் மூவரும் தங்கக் கம்பியைக் குளிர்வித்துக்கொண்டே போனார்கள். மின்தடை குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்று, மறுபடி ஏறியது. அன்றைய கோட்பாட்டில் அதற்கு இடமே இல்லை. கருவிக் கோளாறு என்று தூக்கிப் போட்டிருக்கலாம். பெரிய பெயர் ஒன்றைச் சூட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் எண்களை அச்சிட்டார்கள். முப்பது வருடம் அந்த எண்கள் காத்திருந்தன. 1964-இல் மிரியம் சராச்சிக்கும் அவர் தோழர்களும், மாசின் காந்தத் திருப்புத்திறன் இருக்கும் இடத்தில்தான் இந்த ஏற்றம் வருகிறது என்று காட்டினார்கள். அதே வருடம் டோக்கியோவில் ஜுன் கோண்டோ, ஸ்பின் கவிழ்ப்பை மூன்றாம் படி வரை கணக்கிட்டு, வெப்பநிலையின் மடக்கையாக ஏறும் அந்தப் பகுதியைக் கண்டுபிடித்தார். நாம் இன்று அவசரமாக எழுதும் பெயர் அவருக்குக் கிடைத்தது, முப்பது வருடம் முன்பு மூன்று பேர் பெயரில்லாமல் எண்களைத் தந்ததால்தான்.

இனி என் வேண்டுகோள்.

ஒவ்வோர் அணுவுக்கு முன்னும் பின்னும், அதே முனையால், அதே மின்னழுத்த வீச்சில், வெறும் பரப்பின் மேல் ஒரு வளைவு எடுங்கள். தங்கத்தில் மைனஸ் அரை வோல்ட்டுக்கு அருகில் பரப்பு நிலையின் படி கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் முனையைத் தங்கத்துக்குள் மெல்லக் குத்தி எடுத்து மறுபடி தொடங்குங்கள். அதில் ஒரு மணி நேரம் போகும், சில சமயம் ஓர் இரவே போகும். போகட்டும்.

பின்னணியைக் கழித்த வளைவோடு, கழிக்காத வளைவையும் கட்டுரையில் வையுங்கள். ஃபானோ சூத்திரத்தில் அகலம், மையம், வடிவ எண், உயரம், பின்னணி, சரிவு என்று இத்தனை திருகுகள் இருக்கின்றன. அவ்வளவையும் திருகினால் பொருந்தாத குழிவு குறைவு. பொருந்திவிட்டது என்பதைச் சான்றாக எழுதாதீர்கள்.

ஒரே வெப்பநிலையில் அளந்திருந்தால் அந்த அகலத்தை அகலம் என்றே எழுதுங்கள், மில்லிவோல்ட்டில். கெல்வினாக மாற்றாதீர்கள். கெல்வின் என்று எழுதிய மறுநொடி அது யாரோ ஒருவரின் அட்டவணைக்குள் போய்விடும், அங்கிருந்து வேறொருவரின் கோட்பாட்டுக்குள் போய்விடும். என்னுடைய எண் அப்படிப் போனது. அதைத் திரும்ப எடுக்க என்னால் முடியவில்லை.

கைடு ‘கோண்டோ’ என்று பதில் அனுப்பினால், மரியாதையாக, ஆனால் எழுத்தில், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், இது ஸ்பினரானாகவோ முனையினுடையதாகவோ இருந்தால் எந்த அளவீட்டில் வித்தியாசம் தெரியும்?” நல்ல கைடாக இருந்தால் அந்தக் கேள்வியே உங்கள் அடுத்த அத்தியாயமாகிவிடும். கருவியில் காந்தம் இல்லையென்றால், காந்தம் இருக்கிற இடத்துக்கு உங்கள் மாதிரியை எடுத்துக்கொண்டு போக அவரிடமே கடிதம் கேளுங்கள். மாணவர்கள் கேட்டுத்தான் நான் பார்த்த பல கூட்டுமுயற்சிகள் தொடங்கியிருக்கின்றன.

கடைசியாக, இதை மட்டுமாவது மறுக்காமல் செய்யுங்கள். உங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில், பிடிக்காத வளைவுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: முனை கெட்ட இரவுகள், குழிவு வராத அணுக்கள், வெறும் பரப்பில் வந்த குழிவுகள். கோப்பின் பெயரை மாற்றாமல், தேதியும் மின்னோட்டமும் குறித்து, அப்படியே போடுங்கள். உங்கள் மேசைக்கு அடுத்து வரப்போகிறவள் தேடும்போது அவை அங்கே இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்களுக்கு முன் அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவன்